பொறாமைக்கு இடமிருந்தும் நாவைக் காத்தவர்

 

ஒருவர் மீது நமக்கு மனக்கசப்பு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவரைப் பற்றி ஒரு கெட்ட செய்தி காதுக்கு வருகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? நம்முடைய ஈமான் சோதிக்கப்படும் இடம் அதுதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்ட சம்பவத்தில் இதற்கான படிப்பினை இருக்கிறது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்துபோன கழுத்து மாலையைத் தேடிச் சென்றார்கள் ஆயிஷா (ரலி). அவர்கள் சிவிகைக்குள் இருப்பதாக நினைத்துப் படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் பின் முஅத்தல் (ரலி), அவர்களைத் தம் ஒட்டகத்தில் ஏற்றி, தாம் நடந்து வந்து படையோடு சேர்த்தார். நடந்தது இவ்வளவுதான். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இதைத் திரித்துப் பரப்பினான்.

கதையைக் கட்டியவன் நயவஞ்சகன். ஆனால் அது யார் யார் வாயில் புகுந்தது என்று பாருங்கள். பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் பேசிவிட்டார். அவரோ, ஆயிஷாவின் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களின் உதவியில் வாழ்ந்த உறவினர்!

நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஆயிஷாவுக்கு நிகராகப் போட்டியிட்டவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). ஒரு வார்த்தை போதும், போட்டியாளர் வீழ்ந்துவிடுவார். ஆனால் நபியவர்கள் விசாரித்தபோது, தம் காதையும் கண்ணையும் பாதுகாத்துக்கொள்வதாகச் சொல்லி, ஆயிஷாவிடம் நல்லதையே அறிந்திருப்பதாக ஸைனப் பதிலளித்தார். ஸைனபை இறையச்சம் காத்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள். அதே ஸைனபின் சகோதரி ஹம்னாவோ, தம் சகோதரிக்காகப் பரிந்துகொண்டு அவதூறு பேசியவர்களோடு சேர்ந்துவிட்டார். (புகாரி 4141)

சகோதரர்களே! பொறாமைக்கு இடமிருந்தவர் குற்றமற்றவராக நின்றார். அவருக்காகப் பேசப் போனவர் குற்றத்தில் விழுந்தார். உள்ளத்தில் ஒரு எண்ணம் எழுவதல்ல, அதற்கு நாவைக் கொடுப்பதே இங்கே குற்றமானது.

அல்லாஹ் ஆயிஷாவின் தூய்மையை வஹீ மூலம் அறிவித்தபோது, முக்கியப் பங்கு வகித்தவனுக்குக் கடும் வேதனை உண்டு என்றான். கூடவே, பேசிய ஒவ்வொருவருக்கும் அவரவர் சம்பாதித்த பாவம் உண்டு என்றும் சொன்னான் (24:11). அவர்கள் அற்பமாக நினைத்தது அல்லாஹ்விடம் மிகப் பெரியது என்றும் எச்சரித்தான் (24:15). ஆகவே, “நானா கட்டிவிட்டேன்? கேட்டதைத்தானே சொன்னேன்” என்ற சாக்கு அல்லாஹ்விடம் எடுபடாது. வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றி வந்ததை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் நம் விரலுக்கும் இதே கணக்குத்தான்.

இனி மிஸ்தஹுக்கு உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார். மன்னிக்கும்படி 24:22 வசனம் இறங்கியது. உடனே உதவியைத் தொடர்ந்தார். குற்றம் குற்றம்தான், ஆனால் தவறியவர் திரும்பி வரும் வாசலை அவர் அடைக்கவில்லை.

அடுத்த முறை, உங்களுக்குப் பிடிக்காத ஒருவரைப் பற்றி செய்தி வரும்போது ஸைனப் (ரலி) அவர்களின் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். வல்ல ரஹ்மான் நம் காதையும் கண்ணையும் நாவையும் பாதுகாப்பானாக! ஆமீன்.