முதுசொமும் பழங்கடனும்

முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தைப் பெறுகின்றவர், செல்வத்தை மட்டுந்தான் பெறுகின்றாரா? அதனோடு பிணைந்த கடன்களும் அவரை வந்தடைகின்றனவா?

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் இக்கேள்வி பெண்களையே முதலில் நாடி வருகின்றது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடி தாய்வழியே எண்ணப்படுகின்றது. பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது; ஆயினும், வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக அளிக்கும் வழக்கம் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலைத்து நின்றது. வீட்டைக் காப்பவள் வீட்டின் நினைவுகளையும் காக்கின்றாள்.

படுவான்கரைச் சிற்றூரொன்றில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். யுத்தம் மூண்ட எண்பதுகளில், அவளுக்கென ஒதுக்கிய வயலை விற்று அவளுடைய அண்ணனைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஒருவரை அனுப்பவே பணம் போதியது. "யாரை அனுப்புவது?" என்று தாய் கேட்டபோது அண்ணனின் பெயரைச் சொன்னவள் அவளே. ஊரிலே தங்கிய தம்பி 1990இல் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டு செல்லப்பட்டான், திரும்பவில்லை. தான் சொன்ன அந்தச் சொல்லை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் எவரிடமும் வாய்திறந்து கூறியதில்லை.

பிள்ளையற்ற அண்ணன் இப்போது இறந்துவிட்டான். தன் சொத்து தங்கைக்கும் தம்பிக்கும் சரிபாதி என்றும், இருவரில் ஒருவர் தனக்கு முன்னரே இறந்திருப்பின் முழுவதும் மற்றவருக்கே என்றும் எழுதி வைத்திருக்கின்றான். "தம்பி இறந்திருப்பின் சான்றிதழ் அனுப்புக" என்று அங்குள்ள சட்டத்தரணி எழுதுகின்றார்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனோரை இறந்தோராகப் பதிவு செய்ய வழிவகுத்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் வேறொரு சான்றிதழுக்கு இடமளித்தது. முதலாவதைக் கேட்டுப் பெற்றால் முழுச் செல்வமும் அவளுக்கு. இரண்டாவதாயின் பாதி தம்பியின் பேரில் முடங்கிக் கிடக்கும்.

"அவன் இனித் திரும்பப் போவதில்லை, கையொப்பமிடுவதில் என்ன தவறு?" என்பார் சிலர். "பணத்துக்காகத் தம்பியை மீண்டும் கொல்வதா?" என்பார் வேறு சிலர். இரு சாராரும் கேள்வியைத் தவறான வாசலிலே கொண்டுபோய் வைக்கின்றனர் என்பதே நம் கருத்து. 1990 செப்டம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்கள் எங்கே, எவ்வாறு மாண்டனர் என்பதற்கு விடை கூற வேண்டியவர்கள் கொண்டு சென்றவர்களே. அவர்கள் வாய் திறவாதிருக்க, விடையை எழுதும் எழுதுகோலைத் தமக்கையின் கையில் திணிப்பது நீதியாகுமா? வறுமை தாளாது அவள் கையொப்பமிட்டாலும் அவளைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆயினும், அவள் மட்டுமே தீர்க்கக்கூடிய கடன் ஒன்று உண்டு. இருவரில் ஒருவரைத் தேர்ந்தது அவள் செய்த குற்றமன்று. அந்தத் தேர்வை அவள் மீது சுமத்தியது யுத்தம். ஆனால், இந்தப் பணம் தம்பி போயிருக்கக்கூடிய வழியில் வந்த பணம் என்பதை அவளுடைய பிள்ளைகள் அறிய வேண்டும். உண்மையை மறைத்துக் கொடுக்கும் முதுசொம் பாதி முதுசொமே.

இது ஒரு பெண்ணுக்கு மட்டும் உரிய நீதியன்று. நம் சமுதாயமும் ஒரு முதுசொத்தைப் பெற்றிருக்கின்றது. வந்தாறுமூலை அதில் ஓர் ஏடு. அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றது மற்றோர் ஏடு. நமக்கு வரவேண்டிய நீதியை உரத்துக் கேட்கும் நாம், நம் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியைப் புதைத்து வைத்தல் தகுமா? ஒரே வாவியின் நீரைக் குடிகளாகப் பகிர்ந்து வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்களாகிய நாம் இரண்டு ஏடுகளையும் சேர்த்தே படித்துக் காட்ட வேண்டும்.