பொழுது சாயுமுன் கடைசிக் கவளம்

அந்தமானின் பாராடாங்கில் கந்த சஷ்டி விரதம் ஏற்றிருக்கும் மெய்யன்பர்களே!

ஐப்பசியில் நம் தீவில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி நமக்குக் கதிரவன் உதித்து மறைகிறான். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. அங்கே இரவு ஒன்பது மணிக்கு உண்கிறார்கள் என்று நாமும் ஒன்பதுக்கு இலை போட்டால், இருட்டி நான்கு மணி நேரம் கழித்து உண்கிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற நோன்பைச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறார்கள். இரவில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

கடைசிக் கவளம் செரித்ததும் இன்சுலின் இறங்குகிறது. கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது. 12 மணி நேரத்தைத் தாண்டத் தாண்ட அது வற்றி, கொழுப்பு கூடுதலாக எரிகிறது. பட்டினி போட்ட ஈஸ்ட் செல்கள் தம் பழுதுகளைத் தாமே செரித்துப் புதுப்பிப்பதை ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை வைத்து, விரதம் இருந்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள்.

சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் அளவைக் குறைத்து உண்டவர்களுக்கும், அதே அளவு குறைத்து நேரக் கட்டுப்பாடின்றி உண்டவர்களுக்கும் எடை ஏறத்தாழ ஒன்றுபோலவே குறைந்தது. ஆகவே நேரத்தோடு அளவும் வேண்டும். பகலெல்லாம் பட்டினி, இரவில் வடையும் பாயசமும் இரட்டிப்பு என்றால் உடம்புக்கு என்ன பயன்?

நிலம்பூர் ஜெட்டியிலிருந்து சுண்ணாம்புக் குகைக்குப் படகு ஓட்டும் தம்பிகளே, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டான். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்கவே வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் பட்டினி விரதம் கிடையாது.

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவருக்குச் சோறிடுவதையே அவர் வழிபாடாக வைத்தார். ஆறு நாள் நாம் உண்ணாமல் மிஞ்சும் அரிசி நம் பானையிலேயே கிடந்தால் விரதம் பாதிதான். அதை அன்னதானத்துக்குக் கொண்டுவாருங்கள். திருக்கல்யாணத்தன்று முதல் பந்தி ஜெட்டியில் மூட்டை சுமப்பவர்களுக்கு. விரதக்காரர்கள் இரண்டாம் பந்தியில் உட்காருவோம்.