தனிப்பந்தியும் நல்ல மனமும்

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். அவரைச் சாதி வெறியர் என்று ஒதுக்கிவிட முடியாது. லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, புதுச்சேரியில் பத்தாண்டு ஒதுங்கி வாழ்ந்த விடுதலைப் போராளி. அப்படிப்பட்டவரின் கையால் பந்தி பிரிந்தது என்பதாலேயே நூறாண்டு கழிந்தும் அந்த வழக்கு தீரவில்லை.

வாக்கைக் காப்பது அறம்தான். ஆனால் மற்றப் பிள்ளைகளின் மானத்தை விலையாக வைத்து வாக்குக் கொடுக்க அவருக்கு உரிமை ஏது? அதுவும், காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்த நிறுவனத்தில்! இதை எதிர்த்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் ஐயரின் உள்ளத்தைச் சோதிக்கவில்லை, பந்தியைப் பார்த்தார்கள். அந்த இருவர் இருக்கட்டும், இனி அப்படிச் சேர்க்க வேண்டாம் என்று 1925-இல் காந்தி சொன்ன சமரசம், அன்று அங்கே உண்டுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு விடை தரவில்லை.

உலகெங்கும் இனவெறியை எதிர்ப்போர் வலியுறுத்துவதும் இதையே: மனத்தில் வெறுப்பில்லை என்பது போதாது, ஏற்பாடு மாற வேண்டும். 2001-இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு கூடியபோது, சாதி வேறு இனம் வேறு என்று இந்திய அரசு வாதிட்டது. அது சரியாகவே இருக்கலாம். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்படும் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின், பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்கள் தம் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. எல்லோரும் பேசியது இதைத்தான். கயிற்றை அறுக்க யாருடைய சாதியையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு பகுதியில் மேலோங்கிய சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ அமர்த்தக் கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதற்குச் சாதியைக் கேட்டாக வேண்டும். நேர்மையான ஆசிரியருக்கு அது வலிக்கும். பிறப்பை வைத்து ஒருவரை ஐயப்படுவதில் அநீதியின் சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவருக்கு வேறோர் ஊரில் அதே பதவியும் அதே சம்பளமும் உண்டு. அடித்தவனின் உறவுக்காரரிடமே போய் முறையிட வேண்டிய பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. கேட்கத்தான் வேண்டும்.