கொடை வினா

வினா எழுப்புவது ஆசிரியரின் அன்றாடத் தொழில். ஒரு நாளில் வகுப்பறையில் நாம் எழுப்பும் வினாக்களை எண்ணிப் பார்த்தால் நமக்கே வியப்புண்டாகும். ஆயினும், எதற்காகக் கேட்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது அரிது.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகையாகப் பகுத்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. இவற்றை வேறுபடுத்துவது சொல்லன்று. கேட்பவரின் உள்ளக் கருத்தே. “சட்டை இருக்கிறதா?” என்று வணிகரிடம் கேட்டால் அது கொளல் வினா. சட்டையில்லாச் சிறுவனிடம், கொடுக்கும் எண்ணத்தோடு கேட்டால் அதுவே கொடை வினா. தொடர் ஒன்றே; நெஞ்சம் வேறு. இலக்கணத்துக்குள் அறமும் குடியிருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

திருமறையை வாசிக்குந்தோறும் இப்பகுப்பு என் நினைவுக்கு வருவதுண்டு. நற்செய்தி நூல்களில் இயேசு பெருமான் கட்டளையிடுவதைக் காண்கிறோம். கதை சொல்வதைக் காண்கிறோம். அவற்றோடு, அவர் ஓயாமல் வினவுவதையும் காண்கிறோம். பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் செவிமடுத்து, வினாக்களும் கேட்டார் என்கிறார் லூக்கா. எல்லாம் அறிந்தவர் எனப் போற்றப்படும் மீட்பர் ஏன் கேட்கவேண்டும்? அவர் கேட்டவை எவ்வகை வினாக்கள்?

ஆசிரியர் மாணவரைச் சோதிப்பதுபோன்ற அறிவினா என்பர் சிலர். மனிதராக வாழ்ந்தமையால் அறியா வினாவும் உண்டு என்பர் வேறு சிலர். மீட்பர் மெய்யான கடவுளும் மெய்யான மனிதருமாவார் எனக் கி.பி. 451இல் கூடிய கால்சிதோன் சங்கம் வரையறுத்தது. இறுதி நாள் எதுவென்று மகனும் அறியார் என மாற்கு நற்செய்தியே (13ஆம் அதிகாரம்) கூறுகிறது. ஆதலின், இரு சாராரும் கூறுவதில் உண்மையுண்டு. ஆனால், அவர்தம் இயல்பை முழுமையாகக் காட்டுவது மூன்றாவதொரு வகையென்றே எனக்குத் தோன்றுகிறது.

எரிகோ நகருக்கு வெளியே, பர்த்திமேயு என்னும் பார்வையற்ற இரவலர் இயேசுவைக் கூவி அழைக்கிறார். சூழ நின்றோர் அவரை அதட்டி, வாய்மூடச் சொல்கின்றனர். மீட்பரோ நின்று, அவரை அருகழைத்து, தாம் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார் (மாற்கு 10). பார்வையற்றவர் எதை வேண்டுவார் என்பது எவருக்கும் தெரிந்ததன்றோ? பின் ஏன் கேட்டார்? கூட்டம் அம்மனிதரின் குரலைப் பறித்திருந்தது. பார்வையைக் கொடுக்குமுன், பறிபோன குரலை அவ்வினா திருப்பிக் கொடுத்தது.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரிடம், குணமடைய விரும்புகிறாயா என்று வினவினார் (யோவான் 5). அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. குளத்தில் தம்மை இறக்கிவிட ஒருவருமில்லை என்றார். நோயை எல்லாரும் கண்டனர். நோயினும் கொடிய தனிமை, ஒருவர் கேட்டதனால்தான் வெளிப்பட்டது.

வினவுவோர் அனைவரும் இவ்வாறு வினவுவதில்லை. இராயனுக்கு வரி செலுத்துவது முறையா என்று சிலர் மீட்பரிடம் கேட்டனர். ஆம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் குற்றம். விடையை நாடாது, அகப்படுத்தவே நாடிய அதனை வினா என்பதினும் கண்ணி என்பதே பொருந்தும்.

அத்தகைய கண்ணியை நானும் வைத்ததுண்டு. தோட்டப்புறப் பள்ளியொன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரை ஏட்டில் பல தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. பிரம்பைக் கையில் பிடித்தவாறே, “ஏன் கிழித்தாய்?” என்றேன். அவன் தலைகுனிந்து நின்றான். அம்மௌனத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டு அடித்தேன். அன்று என் மனத்தில் சிறு உறுத்தலும் எழவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண விருந்தில், லாரி ஓட்டுநராகிவிட்ட அவரைச் சந்தித்தேன். அருகே வந்தமர்ந்து, பழைய நாள்களைப் பேசிக்கொண்டிருந்தவர், இயல்பாகச் சொன்னார்: “அந்தத் தாள்கள் தங்கைக்கு, ஐயா. அப்போது அவள் முதலாம் ஆண்டு. இன்னோர் ஏடு வாங்க அப்பாவிடம் பணமில்லை.”

“அன்றே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்கள் பதிலுக்காகக் கேட்கவில்லையே, ஐயா!”

அச்சொல்லில் சினமில்லை, அதனாலேயே அது ஆழப் பதிந்தது. நான் கேட்டது நன்னூலார் வகுத்த ஆறனுள் எதுவுமன்று. தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டு, அதற்கு வினா வடிவம் கொடுத்திருந்தேன்.

இதற்கு நேர்மாறான வினாவை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் காண்கிறோம். தலைமைக் குருவின் முற்றத்தில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்து நின்ற பேதுரு, தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தவர். உயிர்த்தெழுந்த மீட்பர் திபேரியாக் கடற்கரையில் மீண்டும் கரிநெருப்பருகே அவரைச் சந்திக்கிறார். முதலில் அப்பமும் மீனும் கொடுத்து உண்ணச் செய்கிறார். அதன்பின்னரே வினவுகிறார். ஏன் மறுத்தாய் என்பதன்று வினா. என்மீது அன்புண்டா என்பதே வினா. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை கேட்கிறார். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் தம் மந்தையை அவரிடம் ஒப்படைக்கிறார்.

இவ்வாறு கனிவாகக் கேட்டால் ஒழுங்கு கெடாதா என்று ஆசிரிய நண்பர்கள் ஐயுறலாம். மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது பேதுரு துயருற்றார் என்பதை மறக்கலாகாது. தாம் எல்லாம் அறிந்தவராயிற்றே என்று மீட்பரிடமே அவர் மனம் நொந்து கூறினார். குற்றம் மூடிமறைக்கப்படவில்லை, அன்பான வினா பிரம்பு எட்டாத இடத்தைத் தொட்டது. ஆனால், பிரம்பு வலியோடு நின்றுவிடும். இவ்வினாவோ, இழந்த தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அறிந்திருந்தும் கேட்டார், கொடுப்பதற்காகவே கேட்டார். ஆதலின், இதனைக் கொடை வினா என்பேன்.

சிலுவையில் அவரே ஒரு வினாவை எழுப்பினார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். இறைவன் தம்மை ஏன் கைவிட்டார் என்னும் அக்கதறல், 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகும். வானிலிருந்து அதற்கு மறுமொழி வந்ததாக மாற்கு எழுதவில்லை. பிறர்க்கு விடைசொல்ல இடமளித்தவர், விடை கிட்டாத வினாவின் துயரையும் தாமே சுமந்தார். தலைகுனிந்து மௌனமாக நிற்கும் எளியோரை அவர் அறிவார் என்று நான் நம்புவது இதனாலேயே.

இன்று தலைமையாசிரியர் அறைக்கு ஒரு மாணவன் அழைத்து வரப்பட்டால், முதலில் அவனை அமரச் சொல்கிறேன். பின்னர்க் கேட்கிறேன். விடை வரச் சில வேளை நெடுநேரமாகும். காத்திருத்தலும் வினாவின் ஒரு பகுதியே என்பதை நான் காலந்தாழ்ந்து கற்றேன்.

அன்றைய திருமண விருந்தில், அந்தப் பழைய மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு என் கையைப் பற்றிக்கொண்டார். பின்னர் என் இலையைப் பார்த்து, “ஐயா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?” என்று கேட்டார்.

அஃது எவ்வகை வினா என்பதை மாணவர்களே கூறட்டும்.