பத்து லட்சம் மணி நேரம்

ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் ஓர் எண் கண்ணில் படும்: பழுதாகும்வரை சராசரியாகப் பத்து லட்சம் மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டுகள். ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிமுகப்படுத்தியதே 1956இல்தான். அந்தத் தொழில்நுட்பத்துக்கே இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.

எண் பொய்யல்ல. அது ஒரு டிஸ்க்கின் ஆயுளைச் சொல்லவில்லை. ஆயிரம் டிஸ்க்குகள் இடைவிடாமல் ஓடினால் ஓராண்டில் ஏறக்குறைய ஒன்பது பழுதாகும் என்கிறது. ஆனால் 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்ற வேண்டியிருந்தது சகஜமாகத் தெரிந்தது.

ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு இந்த விகிதம் ஒரு செலவுக் கணக்கு. வீட்டில் ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கோ, அதில் பதிந்த அப்பாவின் குரலும் பிள்ளையின் முதல் நடையும் முழுதாக இருக்கும், அல்லது முழுதாகப் போகும். சராசரி என்பது கூட்டத்துக்கு. இழப்பு தனி ஒருவருக்கு.

பல டிஸ்க்குகளின் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி தலை எழுதுகிறது, படிக்கிறது. ஆகவே ஓடும்போது அசைக்காதிருப்பதும், மின்வெட்டுக்கு யு.பி.எஸ். வைப்பதும், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவை அவ்வப்போது பார்ப்பதும் அவசியம். ஆனாலும் அதே 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் கண்டது: பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பதிவில் எந்த எச்சரிக்கையும் தராமலே போயிருந்தன.

பழுதை முன்னறிய முடியாதென்றால், அது வரும் என்றே கொண்டு ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. அதோடு, பிரதியிலிருந்து கோப்புகளை மீட்டெடுத்துப் பார்க்கும் பழக்கம். பிக்ஸார் நிறுவனத்தில் 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

உறுதியைப் பொருளில் தேடுகிறோம். நல்ல நிறுவனம், கூடுதல் விலை, நீண்ட உத்தரவாதம் என்று. தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் உத்தரவாதம் புது டிஸ்க்கைத் தரும், பழைய குரலைத் தராது. ஒன்று ஓயுமுன் இன்னொன்றில் எழுதிவைப்பதும், எழுதியது திறக்கிறதா என்று பார்ப்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலை; ஒரு நாளோடு முடியாத வேலை. இந்த உலகில் நிலைத்திருப்பவை அழியாத பொருளில் எழுதப்பட்டவை அல்ல. யாரோ சலிக்காமல் மீண்டும் மீண்டும் நிலைக்கச் செய்தவை.