மேரி ரீபி மூடிவைத்தது

1828 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. பெயர், வயது, நிலம், ஆடுமாடுகளோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த மண்ணுக்கு வந்தது கைதியாகவா, சுதந்திரமாகவா, அல்லது அங்கேயே பிறந்தவரா? சிட்னியின் பெரிய வணிகர்களில் ஒருவரான மேரி ரீபி, 51 வயது விதவை. 1821-இல் சுதந்திரமாக வந்ததாகப் பதில் சொன்னார்.

எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது சரிதான். 1820-இல் மகள்களோடு இங்கிலாந்து போய், பிறந்த லங்காஷயரைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு திரும்பியிருந்தார். ஆனால் முதன்முதலில் அவர் சிட்னியில் இறங்கியது 1792 அக்டோபரில், ராயல் அட்மிரல் என்ற கைதிக் கப்பலிலிருந்து. குதிரை திருடிய குற்றத்துக்காக 1790-இல் ஸ்டாஃபோர்டில் அவருக்கு ஏழாண்டு தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது வயது 13. பிடிபட்டபோது ஆண்பிள்ளை வேடத்தில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில் இருந்தார்.

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திய கைதிகள் 1,60,000-க்கும் அதிகம். அவர்களின் வாழ்க்கைச் சுவடுகளை இன்று ஆயிரக்கணக்கானோர் தேடுகிறார்கள். நீதிமன்றப் பதிவு, கப்பல் பட்டியல், விடுதலைச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கிறார்கள். உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் பாடுபட்டு மூடிவைத்ததை, அவர் இல்லாதபோது மற்றவர்கள் திறப்பது தகுமா?

தகாது என்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ரீபி ஏன் மறைத்தார் என்பது விளங்காத புதிர் அல்ல. ஆளுநர் மெக்வாரி, விடுதலையான கைதிகள் சிலரை நீதிபதி ஆசனத்திலும் தம் விருந்து மேசையிலும் அமர்த்தினார். சுதந்திரமாக வந்த செல்வர்களுக்கு அது பொறுக்கவில்லை. லண்டனிலிருந்து 1819-இல் விசாரணைக்கு வந்த ஜான் பிக், அந்த நியமனங்களைக் கடுமையாகக் குறைகூறினார். தண்டனைக் காலம் முடிந்தாலும் கறை போகாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஏழு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய் கணக்கெடுப்புக்காரரிடம் வேறு என்ன சொல்லியிருப்பார்? அவருடைய பேரன் ஒருவர் 1876-இல் டாஸ்மேனியாவின் முதல்வரானார். அந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் ஏற வேண்டியிருந்தது, எதையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ஏற வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு அவரைப் பொய்யர் என்பது கொடுமை.

இருந்தும், திறப்பதே சரி. ரீபியின் மௌனத்தைக் காப்பாற்றினால் அதன் நிழலில் அந்த நீதிமன்றமும் ஒளிந்துகொள்ளும். 13 வயதுப் பிள்ளைக்குத் தண்டனை விதித்து உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பியது ஓர் அரசு. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, செலவுக் கணக்கு எழுதி அனுப்பியது. அதற்கு வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று, வெட்கப்பட்ட இடம் இன்னொன்று. ஏடுகளைத் திறந்தால்தான் அந்த வெட்கம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

எப்படித் திறப்பது என்பதில்தான் உண்மையான சங்கடம். இந்த ஏடுகளை எழுதியது சிறைப்பிடித்தவரின் கை. டாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளைப் பார்த்தால் உயரம், கண்ணின் நிறம், அம்மைத் தழும்பு எல்லாம் இருக்கும். தப்பியோடினால் பிடிக்க உதவும் என்பதற்காக எழுதியவை. நடத்தைப் பக்கத்தில் குடிபோதை, எதிர்ப்பேச்சு, வாங்கிய கசையடி. ஒருவர் ஒழுங்காக வேலை செய்த ஆண்டுகளுக்கு அங்கே ஒரு வரியும் இருக்காது. அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என் மூதாதை முரடர் என்று எழுதுகிறவர், அறியாமலே காவலாளியின் வேலையைத் தொடர்கிறார். அதே பதிவேட்டில் பச்சை குத்தியவற்றையும் குறித்திருக்கிறார்கள்: ஒரு நங்கூரம், ஒரு இதயம், யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள். அடையாளத்துக்காகக் குமாஸ்தா நகலெடுத்தவைதான். ஆனாலும் பலருடைய விஷயத்தில் அந்தப் பக்கம் முழுவதிலும் கைதி தாமே தேர்ந்து சொன்னது அது ஒன்றாகத்தான் இருக்கும். கசையடிக் கணக்கைவிட அதற்கு முன்னால் அதிக நேரம் நிற்க வேண்டும்.

வெட்கம் போய் இப்போது பெருமை வந்திருக்கிறது. கைதி மூதாதை இருப்பதை மறைத்த நாட்டில், இன்று அப்படி ஒருவர் கிடைத்தால் கொண்டாடுகிறார்கள். 1994 முதல் ரீபியின் முகம் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. பெருமைக்கும் மறைக்கும் பழக்கம் உண்டு. தமக்குக் கடன்பட்ட ஒருவரைத் தாக்கியதற்காக 1817-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானதை வெற்றிக்கதை சொல்கிறவர்கள் விட்டுவிடலாம். அதைச் சொல்லாமல் விடுவதும் அவரை முழு மனுஷியாக மதிக்காததுதான்.

அதைவிடப் பெரிய விடுதல் ஒன்று உண்டு. கணவர் தாமஸோடு அவர் வாழ்வைத் தொடங்கியது ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைப் பண்ணையில். 1816 மார்ச்சில் அந்த ஆற்றோரத்தில் ஏழு பண்ணைகளை விற்பனைக்கு விளம்பரம் செய்யுமளவுக்கு வளர்ந்திருந்தார். அந்தக் கரையில் பழங்குடியினரான தாருக் மக்கள் வள்ளிக்கிழங்கு தோண்டிச் சாப்பிட்டு வந்தார்கள். 1794-லிருந்து குடியேறிகள் அங்கே மக்காச்சோளம் போட்டார்கள், கிழங்கு போயிற்று. பசித்தவர்கள் சோளத்தைப் பறித்தபோது அது திருட்டு ஆயிற்று, 1795-இல் படை வந்து சுட்டது. ஒரு குதிரைக்காக நாடிழந்த சிறுமி, பிறருடைய நாட்டில் நிலக்கிழார் ஆனார். இரண்டும் ஒரே ஆயுளில் நடந்தவை. முதலாவதைச் சொல்லி இரக்கம் கேட்டுவிட்டு இரண்டாவதை அடிக்குறிப்பில் தள்ளுவது நேர்மையாகாது. பதின்மூன்று வயதில் அவருக்கு இழைத்த அநீதி அதனால் குறைந்துவிடப் போவதும் இல்லை.

அந்த மக்களுடைய பெயர்கள் காற்றோடு போய்விடவும் இல்லை. 1820-களின் பிற்பகுதியிலிருந்து குடியேற்ற அரசு ஆண்டுதோறும் பழங்குடியினருக்குக் கம்பளிப் போர்வை கொடுத்தது. வாங்கியவரின் சொந்தப் பெயர், வெள்ளையர் வைத்த பெயர், உத்தேச வயது, மனைவி மக்கள், வாழும் இடம் என்று அதற்கும் பட்டியல் போட்டது. கைதிக் கப்பல்களின் பட்டியல்களைப் போலவே இவற்றையும் இன்று ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஹாக்ஸ்பரி பண்ணையில் மூதாதையைக் கண்டுபிடித்தவர் அடுத்துப் புரட்ட வேண்டிய ஏடு அதுதான்.