மருந்துப் பரிசோதனைக்கு உடன்படலாமா?



மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையாகும் மூதாட்டிகளைத் தக்கலையிலும் சுற்றுப்புறத்திலும் காண்கிறோம். விழுந்ததால் முறிந்தது என்கிறோம். பல வேளைகளில் அந்த எலும்பு வெகுகாலத்துக்கு முன்பே, செல்லரித்த உத்திரம்போல், உள்ளே பலங்குன்றியிருந்தது. இதையே எலும்புப்புரை நோய் என்பர்.

இதற்கு மருந்துகள் உண்டு. வாரமொருமுறை வெறும் வயிற்றில் விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம், ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை அவற்றுட் சில. யாருக்கு எது தகும் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

இவை பலன் தருமென்று அறிந்தது எப்படி? முகமறியாத பெண்கள் பலர் பரிசோதனைக்கு உடன்பட்டதனால் அன்றோ! 2007-ல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையில் 7,700-க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தனர். ஒரு பாதியினருக்குச் சோலெட்ரானிக் அமிலமும், மறுபாதியினருக்கு மருந்தில்லாத திரவமும் ஏற்றப்பட்டன. மூன்றாண்டுகளில் மருந்து பெற்றோரிடம் முதுகெலும்பு முறிவு 70 சதவீதம் குறைந்திருந்தது.

நம் சென்னையிலும் 1956-ல் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஏறக்குறைய 200 க்ஷயரோகிகளில் ஒரு சாரார் ஆஸ்பத்திரியிலும், மறுசாரார் தங்கள் எளிய வீடுகளிலும் சிகிச்சை பெற்றனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதேயளவு பலன் தருமென்று 1959-ல் உலகம் அறிந்தது. அந்த ஏழைகளின் உபகாரத்தால் பிற தேசத்தாரும் நன்மையடைந்தனர்.

ஆகையால் பரிசோதனைக்கு உடன்படுவது தன்னிலே குற்றமல்ல. பிறர்சிநேகச் செயலாகவும் இருக்கலாம். ஆனால் தர்மத்தைத் தன் கைப்பொருளிலிருந்தே செய்யவேண்டும். அயலான் பொருளை எடுத்துக் கொடுப்பவன் தர்மவானல்ல. அப்படியே, புத்தித் தெளிவுள்ள தாயிடம் கேளாமல், பணத்தையோ இலவச வைத்தியத்தையோ எண்ணி அவளுடைய கைநாட்டை வாங்கும் மகன், தனக்குச் சொந்தமல்லாததைக் கொடுக்கிறான். "வைத்தியர் ஐயா சொன்னால் மறுக்கலாமா?" என்று பயந்து இடும் கையெழுத்தும் மெய்யான சம்மதமாகாது. நோயாளி அனுமதித்ததற்கு மேல் வைத்தியருக்கு அதிகாரமில்லை என்றும், நோயாளியும் தன் சரீரத்துக்கு முழு எஜமானல்ல என்றும் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ல் போதித்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னையில் இரு சாராரும் ஒரே மருந்தையே பெற்றனர். சிகிச்சை பெற்ற இடம்தான் வேறு. எலும்பு ஏற்கெனவே முறிந்து, மீண்டும் முறியும் அபாயமுள்ள ஒருத்திக்கு, பலன் நிரூபணமான மருந்து கிடைக்கக்கூடியதாயிருக்கையில் வெறும் திரவத்தை ஏற்றுவது நியாயமா? பிற்காலத்தார் அடையும் நன்மைக்காக அவளை அறியாமலே அவள் எலும்பைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்திய அரசின் 2019-ம் ஆண்டு விதிகள் நோயாளிக்குப் பாதுகாப்பளிக்கின்றன. அவருக்கு விளங்கும் பாஷையில் எல்லாம் சொல்லப்படவேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். பரிசோதனையால் கேடு விளைந்தால் இலவசச் சிகிச்சையும் நஷ்டஈடும் பெற உரிமையுண்டு.

ஆகவே, உங்கள் வீட்டு முதியோரிடம் எவரேனும் கையெழுத்துக் கேட்டால், அவசரப்படாதீர்கள். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மருந்தில்லாத திரவமும் கிடைக்கலாமா, சேராவிட்டால் கிடைக்கும் சிகிச்சை எது என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும். சம்மதித்தால் துணை நில்லுங்கள், மறுத்தால் கடிந்துகொள்ளாதீர்கள்.